வாய்க்கு அளவான கல்

பல் மருத்துவரின் விளக்கு இப்போது ஒரு மீனின் வாய்க்குள் எரிகிறது. வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டியில் வளரும், முழங்கை நீளமுள்ள அந்த ஆஸ்கர் மீனை ஈரத்துண்டில் சுற்றி, அசையவிடாமல் பிடித்திருக்கிறாள் அவருடைய அக்கா. வரவேற்பு மேசை அவள் பொறுப்பு. தாடைக்குள் மாட்டிக்கொண்ட கூழாங்கல் வெள்ளையாகத் தெரிகிறது. தொட்டியின் அடியைக் கிளறாமல் இந்த மீனுக்குப் பொழுது போகாது. வாய் நிறைய அள்ளி இன்னோர் இடத்தில் போய்த் துப்பும். "ஒண்ணு நைஸ் மணலாப் போடு, இல்ல அது வாய்க்குள்ள போகாத பெரிய கல்லாப் போடுன்னு அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்டா" என்கிறாள். மணல் போட்டால் தண்ணீர் கலங்கும், வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று கோலிக்குண்டு அளவில் கல் வாங்கி வந்தவர் அவர்தான். நாளெல்லாம் ஊரார் வாயை அளக்கிறவர் இந்த ஒரு வாயை அளக்காமல் விட்டுவிட்டார். இடுக்கி வழுக்குகிறது. செவுள் முன்னைவிட மெதுவாகத் திறந்து மூடுகிறது. ஊசி போட்டுப் பாதிக் கன்னம் மரத்துப்போன நோயாளி, நாற்காலியில் சாய்ந்தபடி, தன் வாயை மூட மறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். "பேசாம தலைய மட்டும் நிமித்திப் பிடி, அக்கா." மெல்ல ஒரு திருகு. கல் எஃகுத் தட்டில் டக்கென்று விழுகிறது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விடுகிறார்கள். மருத்துவர் ஓடாத குறையாகப் போய் மீனைத் தொட்டியில் விடுகிறார். அது ஒரு கணம் சாய்ந்து மிதக்கிறது. வாலை அசைத்து நிமிர்கிறது. சிரிக்கப் போன அக்காவின் பார்வை தொட்டியின் அடிக்கு இறங்குகிறது. அங்கே அதே அளவில் நூற்றுக்கணக்கான வெள்ளைக் கற்கள். மீன் தலையைக் கவிழ்த்து வாயைத் திறக்கிறது.