தினமும் ஒரு பிரதி

"ஆயிரத்து எழுபத்தாறு தடவை! ஒரே வெப்சைட்டை ஆயிரத்து எழுபத்தாறு தடவை பிரதி எடுத்து வெச்சிருக்கு! இது காப்பகமா, இல்ல ஜெராக்ஸ் கடையா?"

பிரிவுத் தலைவர் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினார். கத்துவது யார் என்று தெரிந்ததும் மறுபடி மாட்டிக்கொண்டார்.

இணையத்தில் இருக்கிற பக்கங்கள் காணாமல் போவதற்குள் பிரதி எடுத்துச் சேர்த்து வைக்கிற அலுவலகம் அது. தலைவருக்கு அங்கே வைத்திருக்கும் பெயர் 'கத்தரி'. சேர்த்து வைக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு எதை வெட்டலாம் என்றே அலைகிற மனுஷருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

ஆனால் இன்றைக்குக் கத்தியதில் நியாயம் இருந்தது. பழைய ரேடியோ ரிப்பேர் செய்கிறவர்கள் பன்னிரண்டு வருஷமாக ஒருவருக்கொருவர் சந்தேகம் கேட்டுப் பதில் எழுதி வந்த தளத்தை, அதன் முதலாளி மாலை ஆறு மணிக்கு மூடுகிறார். மூடினால் அத்தனையும் போச்சு. பிரதி எடுக்கலாமென்றால் சர்வரில் இடமில்லை. ரேடியோக்காரர்களில் ஒருவர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் போட்டு உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

"இடம் கிடைச்சுதா சார்?"

"தேடிட்டுத்தான் இருக்கேன், வைங்க!"

இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது என்று தோண்டப் போய்த்தான் இந்தக் கண்றாவி அகப்பட்டது.

கத்தரி அந்த வெப்சைட்டைத் திறந்தார். யாரோ ஒருவர் தன் வீட்டு ஜன்னலிலிருந்து தினம் ஒரு படம் எடுத்துப் போட்டு, கீழே ஒரு வரி எழுதியிருந்தார்.

'இன்று எதிர்வீட்டுக் கொடியில் பச்சைச் சட்டை காய்கிறது.'

'இன்று சட்டையை எடுத்துவிட்டார்கள்.'

"சரித்திரம்தான் போ" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மெமோ கொடுப்பதென்றால் ஆதாரத்தோடு கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் விடாமல் புரட்டினார். 'பூனை வந்தது.' 'பூனை வரவில்லை.' 'மழை வரும் போலிருந்தது. வரவில்லை.' படிக்கப் படிக்கப் பற்றிக்கொண்டு வந்தது. முக்கால் மணி நேரம் இப்படியே போனது.

கடைசியில், ரோபோக்களைக் கவனிக்கிற அம்மாவைக் கூப்பிட்டார். பிரதி எடுக்கிற புரோகிராம்களை அங்கே ரோபோ என்றுதான் சொல்வார்கள். எந்த ரோபோ எந்தத் தளத்துக்கு எப்போது போக வேண்டும் என்று குறித்து வைப்பது அந்த அம்மாவின் வேலை.

"இந்த ஜன்னல் படம் போடற ஆள் உங்களுக்குச் சொந்தமா?"

"இல்ல சார். பார்த்ததுகூட இல்ல."

"அப்புறம் எதுக்கும்மா உங்க ரோபோ தினம் போய்ட்டு வருது? நியூஸ் பேப்பருக்கே நாம வாரத்துக்கு ரெண்டு தடவைதான் போறோம்! அதுவும் முழுப் பிரதி! புதுசா வந்ததை மட்டும் எடுத்தா ஆகாதா? தினமும் முதல் படத்துலேர்ந்து கடைசி படம் வரைக்கும் வாரிட்டு வந்து கொட்டியிருக்கு. தெரியாம டிக் பண்ணிட்டீங்களா?"

"தெரிஞ்சுதான் சார் பண்ணினேன்."

கத்தரியின் இருபது வருஷ சர்வீஸில் இப்படிப் பட்டென்று ஒப்புக்கொண்டவர் யாரும் கிடையாது.

"வேலை போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும் சார். மூணு வருஷத்துக்கு முன்னாடி அவர் நமக்கு ஒரு மெயில் போட்டிருந்தார். தொண்டையில ஆபரேஷன் ஆகி குரலே போயிடுச்சாம். தனியா இருக்காராம். பேச முடியலையேன்னுதான் தினம் ஒரு வரி எழுதறாராம். ஆனா நாலு மாசமா ஒருத்தரும் எட்டிப் பார்க்கலையாம். 'இனி எழுதப்போவதில்லை, உங்களிடம் பிரதி இருந்தால் அதையும் அழித்துவிடுங்கள்'னு எழுதியிருந்தார்."

"அழிச்சிட்டுப் போக வேண்டியதுதானே?"

"அந்தப் பக்கத்துக்கு அடியில 'இன்று வந்தவர்கள்'னு ஒரு நம்பர், எவ்வளவு நேரம் இருந்தாங்கங்கற கணக்கோட இருக்கு சார். நம்ம ரோபோ போனாலும் அது ஏறும். ஆனா எல்லாப் படமும் முழுசா இறங்கினாத்தான் ஏறும். அதான் முழுப் பிரதின்னு போட்டேன். மறுநாளே, 'இன்று ஒருவர் வந்தார்'னு எழுதினார். அழிக்க வேண்டாம்னு இன்னொரு மெயிலும் போட்டார். அன்னிலேர்ந்து ஒரு நாள் விடாம எழுதறார்."

மறுபடி போன் அடித்தது. கத்தரி அதை எடுக்கவில்லை.

"அதுக்கு எதுக்கும்மா சர்வரை ரொப்பணும்?" என்று எரிந்து விழுந்தார். "போய்ட்டு வர்றது வேற, சேர்த்து வைக்கறது வேற. இதுகூடத் தெரியாதா? கடைசிப் பிரதி ஒண்ணை வெச்சுக்கிட்டு மிச்சத்தைத் தூக்குங்க. ரோபோ மட்டும் தினம் போகட்டும். இன்னும் என்ன நிக்கறீங்க? ஆறு மணிக்குள்ள ரேடியோக்காரங்களை உள்ள கொண்டு வந்தாகணும்!"

"சார்... மெமோ?"

"போங்கம்மா முதல்ல!"

அந்த அம்மா ஓட்டமும் நடையுமாகப் போனார். "எல்லாம் என் தலையெழுத்து" என்று முணுமுணுத்தபடியே, திறந்து கிடந்த அந்தப் பக்கத்தை மூடப்போனார் கத்தரி. மேலே புதிதாக ஒரு வரி வந்திருந்தது.

'இன்று இரண்டு பேர். இரண்டாவதாக வந்தவர் முக்கால் மணி நேரம் இருந்து ஒரு பக்கம் விடாமல் படித்திருக்கிறார். குரல் போன பிறகு, என் பேச்சை இவ்வளவு பொறுமையாகக் கேட்டவர் இவர் ஒருவர்தான்.'