ஞானஸ்நானத்துக்குக் குறித்த நாள்

வீடு கட்டி விற்கும் எல்டரின் ஆண்குழந்தையை ஏந்திக்கொண்டு, உர்பானோ மெதெய்ரோஸ் ஞானஸ்நானத் தொட்டியின் முன் நின்றார்.

போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்து கனடாவின் ஹாமில்டன் நகரத்தில் குடியேறியவர்களுள் பாதிப்பேர் கோயிலில் கூடியிருந்தனர்.

அவருடைய மனைவி தியோலிந்தா பின்னாலிருந்து முணுமுணுத்தாள்: "நல்லாயிருக்குய்யா ஞாயம்! அவன் நமக்குக் காசு போடமாட்டான். நீ அவன் பிள்ளைக்குத் தங்கச் சங்கிலி போடு."

எல்டர் கட்டிக்கொண்டிருந்த வீடுகளுக்கெல்லாம் அடித்தளக் கான்கிரீட் போட்டவர் உர்பானோ. அதற்குரிய பணத்தில் ஒரு காசும் வரவில்லை. ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தம் வீட்டை அடமானம் வைத்தார். அது இப்போது வங்கியின் வாயில் இருந்தது.

வேலை முடிந்த இரண்டு மாதத்துக்குள் அந்த மனைகளின் மீது பற்றுரிமை பதிவு செய்திருந்தால், அவருக்குரியதைத் தீர்க்காமல் எல்டர் ஒரு வீட்டையும் விற்றிருக்க முடியாது.

அவர் பதிவு செய்யவில்லை.

ஜூலை நடுவில், கடைசி கான்கிரீட் லாரி காலியான அன்றே எல்டர் அவரைக் கட்டித் தழுவி, தன் மகனுக்கு ஞானத்தகப்பனாக இருக்கும்படி வேண்டினான். அப்படி வேண்டியவனுடைய மனையை முடக்குவது, அவன் விருந்தில் உண்டு அவன் தட்டிலேயே துப்புவதற்கு ஒப்பாகும்.

ஆகஸ்டில் நடக்கவேண்டிய சடங்கு செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிப்போயிற்று. பாதிரியாரின் தாய்க்கு நோய் முற்றிவிட்டதென்றும், அவர் தீவுக்குப் போய்விட்டாரென்றும் எல்டர் சொன்னான். சடங்குக்கு மறுநாள் காசோலை தருவதாகவும் சொன்னான்.

உர்பானோ நம்பினார். சடங்குக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, வழக்கறிஞரிடம் போனபோது அந்த இரண்டு மாதக் கெடு கடந்திருந்தது.

"பற்றுரிமை செத்துப்போச்சு, உர்பானோ," என்றார் அந்த அம்மையார். "ஆனா வழக்குப் போட இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. வேலைக்குன்னு பேங்க் கொடுத்த பணத்தை அவர் வேற எதுக்காவது எடுத்திருந்தா, அவரோட சொந்தச் சொத்து மேலயே கை வைக்கலாம்."

"ஞாயித்துக்கிழமை அவன் எனக்குக் கொம்பாத்ரே ஆயிடுவான், மேடம். அப்புறம் எப்படி அவனைக் கோர்ட்டுக்கு இழுக்கிறது? எங்க ஆளுங்க என் மூஞ்சியில முழிப்பாங்களா?"

குழந்தையின் தலையில் நீர் விழும் கணத்திலிருந்து, பெற்ற தகப்பனும் ஞானத்தகப்பனும் கொம்பாத்ரேக்கள், உடன்பிறந்தாரினும் நெருங்கியவர்கள். ஒரு கொம்பாத்ரே மற்றொருவன்மீது வழக்குத் தொடுத்ததாக அந்தக் கோயிலில் எவரும் கேள்விப்பட்டதில்லை.

பாதிரியார் சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்தார்.

"உங்க அம்மாவுக்கு இப்போ எப்படியிருக்கு, பாதர்?" என்று உர்பானோ மரியாதைக்கு விசாரித்தார்.

"எங்கம்மாவா? அவங்க போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாச்சே!" பாதிரியார் சிரித்தார். "ஆகஸ்ட் முழுக்க நான் இங்கேதானே இருந்தேன்? எந்த ஞாயித்துக்கிழமை வேணும்னாலும் வான்னேன். இந்த எல்டர்தான், செப்டம்பர் கடைசியிலதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னான்."

எல்டர் தன் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டான்.

பாதிரியார் வெள்ளிச் சிப்பியில் நீரை மொண்டார்.

குழந்தை உர்பானோவின் சுட்டுவிரலை இறுகப் பற்றியிருந்தது. அந்தச் சிறிய விரல்களை அவர் ஒவ்வொன்றாக விலக்கினார். வலிக்காதபடி, மெதுவாக விலக்கினார்.

பிறகு குழந்தையை எல்டரின் கைகளில் வைத்தார்.

அதன் தலை இன்னும் நனைந்திருக்கவில்லை.