மண் பெட்டி ஒப்பந்தம்

"பூனைக்கு உலர் தீனிதான் நல்லது. பல்லு உறுதியாகும்," என்றேன்.

"போடி மேதாவி! டின்ல வர்ற ஈரத் தீனிதான் அதுக்குத் தொண்டையில இறங்கும்," என்றான் அண்ணன்.

ஒரு வாரம் இரண்டு கிண்ணங்களையும் வைப்பது. காலியாகும் கிண்ணத்தின் கட்சிக்கு வெற்றி. தோற்றவர் ஆயுசுக்கும் பூனை வெளிக்குப் போகிற மண் பெட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். இதுதான் ஒப்பந்தம்.

தினமும் காலையில் இரண்டு கிண்ணமுமே பளிச்சென்று காலி! தீர்ப்புக்காகப் பூனையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை பூனை டாக்டரிடம் ஓடினோம்.

"கால் கிலோ ஏறியிருக்கே! ரெண்டுல எதைத் தின்னுச்சு?" என்றார் டாக்டர்.

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"அண்ணா... என் கிண்ணத்தை நான்தான் குப்பையில கொட்டினேன்."

"அடிப்பாவி! என்னோடதை நானும் கொட்டினேன்டி!"

டாக்டர் சிரித்தார். "அதானே பார்த்தேன். போன வாரம் உங்க மாடி வீட்டு டெய்லர் இதே பூனையைத் தூக்கிட்டு வந்தாரு. மூணு வேளையும் மீன் போடுறாராம். 'என் பூனை ரொம்ப சுத்தம் டாக்டர், வீட்ல ஒரு நாள்கூட அசிங்கம் பண்ணதில்ல'ன்னு ஒரே பெருமை!"

இப்போது மண் பெட்டியை முறை வைத்து அள்ளுகிறோம். வந்து போகிற விருந்தாளி முகம் சுளிக்கக் கூடாதே!