ஒற்றை நாற்று

பிடுங்கினால் எல்லா நாற்றும் அழும். இது கொஞ்சம் அதிகமாக அழுதது.

நாற்றங்காலில் தங்கைகளோடு தோளுரசி நின்ற நாட்களையே நினைத்துக்கொண்டிருந்தது. காற்று வந்தால் அங்கே எல்லோரும் சேர்ந்து சாய்வார்கள். இங்கே அதைத் தனியாக, சுற்றிலும் ஒரு சாண் இடம் விட்டு நட்டுவிட்டார்கள். வேர் ஊன்றவே மனமில்லாமல் மஞ்சளடித்துப் போயிற்று.

வரப்புக்கு அந்தப் பக்கம் அதன் தங்கைகள் ஐந்து பேரை ஒரே குத்தாக நட்டிருந்தார்கள். அங்கே யூரியா விழுந்தது. ஒரே வாரத்தில் கரும்பச்சையாக உயர்ந்துவிட்டார்கள்.

"என்னக்கா, உன்னை ஒதுக்கி வச்சிட்டாங்களா? சாணி எருதான் சாப்பாடா?" என்று சிரித்தார்கள்.

"கேலி பண்ணாதீங்கடி. நானும் அங்கேயே வந்துடறேன். பழையபடி ஒண்ணா இருக்கலாம்."

சிரிப்பு நின்றது.

"வந்து எங்கே நிப்பே?" என்றாள் நடுவில் நின்றவள். "எங்களுக்கே இடம் பத்தலை. சின்னவ வெயிலே படாம நேத்து செத்துப் போனா. எங்க காலடியிலதான் கிடக்கிறா."

அன்று சாயங்காலம் ஒற்றை நாற்று வேரை மெல்ல ஒரு பக்கம் நீட்டிப் பார்த்தது. யாரும் இடிக்கவில்லை. மறுபக்கமும் நீட்டியது. சேறு இளகி வழிவிட்டது. பசித்தது, சாப்பிட்டது.

சில நாள் கழித்து அதன் அடித்தண்டை ஒட்டிப் பச்சைக் குருத்து ஒன்று முட்டியது.

"யாரது?"

"நான்தாம்மா. கொஞ்சம் நகந்துக்க. பின்னால நிறையப் பேர் வர்றோம்."