ராஜவேலின் இடது கண்

உப்புப் பாத்திகளில் பகல் வெயிலில் கண் கூசுகிறது. உப்பு வாருகிறவர்கள் எல்லோரும் கண்ணை இடுக்கிக்கொண்டிருக்க, என் தம்பி ராஜவேலின் இடது கண் மட்டும் அகலத் திறந்திருக்கிறது. அவன் இடது காதடியில் ஆறு மாதமாகக் கட்டி. ஆவணியில் அவன் மகளுக்குக் கல்யாணம். அதுவரை சம்பந்தி வீட்டுக்குத் தெரியக் கூடாதென்று துண்டால் மறைக்கச் சொல்லி, உப்பு ஒத்தடத்தோடு நிறுத்தியவன் நான். “எச்சில் சுரப்பியில புத்துநோய்ங்க. இப்பவே ஆபரேஷன் பண்ணா பொழைப்பாரு. முகம் கோணிச்சுன்னா நரம்புல ஏறிட்டுதுன்னு அர்த்தம், அப்புறம் கஷ்டம்” என்று டாக்டர் போன மாதமே என்னிடம் சொல்லிவிட்டார். காற்றில் உப்புத் தூள் பறக்கிறது. “கண்ண மூடுடா” என்கிறேன். பாதி வாயால் சிரிக்கிறான். “இன்னாண்ணா, மூடிக்கினுதானே இருக்கேன்.” வலது இமை மூடியிருக்கிறது. இடது கண்ணில் கருவிழி மேலேறிப்போய், வெள்ளை மட்டும் வெயிலில் நிற்கிறது.