பேத்துப்பாறை முத்திரை

மாதா சாட்சியாக, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எழுபத்தெட்டில் கொடைக்கானல் பங்குக் கோயில் திருவிழாவுக்கு மோட்டார் சைக்கிள் போட்டி வைத்தார்கள். மலையிலுள்ள பழைய இடங்களுக்கெல்லாம் போய், அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும். தோற்றால் மீசையை எடுத்துவிடுவதாக மச்சான் உபகாரத்திடம் பந்தயம் கட்டியிருந்தான் அருளப்பன்.

கடைசி இடம், பேத்துப்பாறையில் ஆதிகாலத்து ஆட்கள் கற்பலகையால் கட்டிய குட்டை வீடு. முத்திரையோடு அங்கே பங்குச் சாமியார் இருப்பதாக ஏற்பாடு. வெளியே யாரும் இல்லை. குளிருக்கு உள்ளே ஒதுங்கியிருப்பார் என்று நினைத்து, "தோத்திரம் சாமி" என்று குனிந்து அட்டையை நீட்டினான். இருட்டுக்குள்ளிருந்து குழந்தைக் கையளவு ஒரு கை, நரைத்த மயிரோடு, வெளியே வந்து முத்திரை குத்தியது.

"வெரசாப் போ" என்றது ஒரு குரல்.

கோயிலில் சாமியார் கம்பளிக்குள் தும்மிக்கொண்டிருந்தார். "காய்ச்சலப்பா, நான் எங்க போனேன்? முத்திரையும் இந்தா, மேசையிலதான் கெடக்கு." அட்டையில் இருந்ததும் அதே முத்திரைதான். மை காயவில்லை.

"அப்ப இது செல்லாதுல்ல, சாமி?" என்றான் உபகாரம், சவரக்கத்தியைத் தீட்டியபடி.

"ஏலே, குத்துனது யாரா இருந்தா என்ன? செல்லும்."

அருளப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேலுதட்டைத் தடவி நீளமாக மூச்சு விட்டான்.

இத்தனைக்கும் அவனுக்குப் பிறந்ததிலிருந்து மீசையே முளைத்ததில்லை.