ஓரடியும் வைக்க மாட்டேன்

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், பெலிசாரியோவாகிய நான், இந்த வீட்டை விட்டு இனி ஓரடியும் வெளியே எடுத்து வைக்க மாட்டேன். இது இறுதியானது."

தேதி போட்டு, கையெழுத்திட்டு, சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தது. நகல் கோப்பில் இருந்தது. சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் முப்பது வருடம் பள்ளி ஆய்வாளராக இருந்தவர் பெலிசாரியோ. ஓய்வு பெற்ற பிறகு ஆய்வு செய்ய மிச்சமிருந்தது மனைவி மட்டும்தான்.

மனைவி சுனில்டா மாவு ஒட்டிய கையோடு நின்று படித்தாள். "ஓரடியுமா?"

"அரை அடியும்."

"சரிங்க" என்று மாவு பிசையப் போய்விட்டாள்.

அவள் பிறந்த சிலோயே தீவில், குன்றின் உச்சியில், மூன்று வருடமாக அவர்கள் குடியிருந்த அந்த மரவீடு அவள் அப்பா கட்டியது. ஆனால் அதில் எது எங்கே இருக்க வேண்டும் என்ற இலாகா கணவர் கையில் இருந்தது. கீழே தங்கை வீட்டு அடுப்புப் புகையையாவது பார்க்கலாமே என்று சமையலறைக்கு ஒரு சன்னல் கேட்டாள், நிராகரிக்கப்பட்டது. சுவருக்கு நீலம் கேட்டாள்; மங்கிய மஞ்சள் அனுமதிக்கப்பட்டது. கடல் தெரிகிற பெரிய சன்னலும், அதன் முன்னால் கிடந்த அவருடைய தோல் நாற்காலியும் விவாதத்துக்கு அப்பாற்பட்டவை.

இதற்கிடையில் அவளுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. மாவு மூட்டையும் விறகும் சுமந்து குன்றேற முடியவில்லை. மாதா கோயிலுக்குப் பக்கத்தில் தங்கை ஒட்டிலியா தன் தோட்டத்தில் இடம் தருகிறாளாம், அங்கே போய்விடலாம் என்று கேட்டாள். அதற்குக் கிடைத்த பதில்தான் கதவில் ஒட்டியிருந்தது.

திங்கட்கிழமை அவள் தட்டுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தாள். பிறகு கோப்பைகள், விளக்குகள், நிலைக்கண்ணாடி. புதன்கிழமை தச்சன் நொல்பெர்தோ வந்து சன்னல் கண்ணாடிகளைக் கூடக் கழற்றிவிட்டுப் பலகை அடித்து அடைத்தான். கட்டிலையும் அலமாரியையும் யாரும் தொடவில்லை.

பெலிசாரியோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து பார்வையிட்டார். "உடையற சாமானா பார்த்து எடுத்துட்டுப் போறே."

"ஆமாங்க."

"என் நாற்காலி?"

"அது உடையாது. இருக்கட்டும்."

அடுத்த நாள் முழுக்கத் தரைக்கு அடியில் சம்மட்டிச் சத்தம். நொல்பெர்தோவும் நாலு பேரும் வீட்டுக்கு அடியில் புது மரக்கட்டைகளைச் செருகிக்கொண்டிருந்தார்கள். போகிறவள் வீட்டைச் செப்பனிட்டுவிட்டுப் போகிறாள், மனசாட்சி குத்துகிறது என்று அவர் முடிவு செய்தார். யாரிடமாவது விசாரித்திருக்கலாம்தான். ஆனால் மூன்று வருடமாக அந்தத் தீவின் வழக்கம் எதையும் விசாரிக்காமல் இருப்பதை அவர் ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை ஒரு செய்தி வந்தது. கீழே ஐம்பது பேருக்கு விருந்தாம். குழி வெட்டிக் கல்லைச் சுட்டுச் சிப்பியும் உருளைக்கிழங்கும் வேகவைக்கப் போகிறார்களாம், மூன்று பீப்பாய் ஆப்பிள் கள்ளும் உண்டாம். பெண்டாட்டி புருஷனை விட்டுப் போவதற்கு ஊருக்கே விருந்தா?

அன்றுதான் அவருக்கு உறைத்தது. முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில், சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று கூட அவருக்குத் தெரியாது. அறிவிப்பில் ஒரு சிறு திருத்தம் கொண்டுவரலாமா என்று பேனாவை எடுத்தார். இதுவரை திருத்தியதாக முன்னுதாரணம் இல்லை. மூடி வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை அடுப்பில் நெருப்பே இல்லை. ஆறிப்போன காப்பியோடு அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, சால்வையைப் போர்த்திக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றாள்.

"கடைசியாக் கேக்குறேன். என்கூட இறங்கி வர்றீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். வருகிறேன் என்று ஒரு வார்த்தைதான். அது வருவதற்குள் முப்பது வருட உத்தியோகம் முந்திக்கொண்டது. "அறிவிப்பைப் படி."

"சரி. அப்ப எதையாவது கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க." கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் தரை அதிர்ந்தது. சிலி நாட்டுக்காரருக்கு நிலநடுக்கம் ஒன்றும் புதிதில்லை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே மனிதர்கள் கூச்சல் போட்டார்கள், மாடுகள் கத்தின. பயந்து ஓடுகிறார்கள், கோழைகள். சுவர் முனகியது, அலமாரி சாய்ந்து நிமிர்ந்தது, இவ்வளவு நீளமான நடுக்கத்தை அவர் பார்த்ததே இல்லை. பூமியே நகர்ந்தாலும் நான் நகர மாட்டேன் என்று மஞ்சள் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

ஒரு வழியாக ஆட்டம் நின்றது. அவள் எந்த இடிபாட்டில் கிடக்கிறாளோ என்ற நினைப்பு வந்ததும் அறிவிப்பு மறந்துபோய், ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

வாசலில் இருந்த ஆப்பிள் மரத்தைக் காணோம். அந்த இடத்தில் மாதா கோயில் கோபுரம் நின்றது. இந்தப் பக்கம் ஒட்டிலியாவின் கோழிக்கூடு. இருபது ஜோடி மாடுகள் நுரை தள்ளி நின்றன. அவற்றின் கயிறுகளெல்லாம் அவர் காலுக்கு அடியில், நொல்பெர்தோ செருகிய புதுக் கட்டைகளில் வந்து முடிந்தன.

படிக்குக் கீழே சுனில்டா நின்றுகொண்டிருந்தாள். அவர் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினாள்.

"இறங்குங்க, ஊர் வந்தாச்சு."